கழுதையைக் குதிரையாக்கிய வாரியம்

காலை ஒன்பது நாற்பதுக்குச் செய்தி வந்தது.

சர்வர் அறை என்பது பழைய கோப்புகள் அடுக்கியிருந்த கிடங்கைப் பலகை வைத்துத் தடுத்த இடம். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு முக்காலி, சளி பிடித்தவர் மூச்சு விடுவதுபோலச் சத்தம் போடும் ஒரு கணினிப் பெட்டி. அதன் திரையில் புதிதாக ஓர் அரட்டை அறை திறந்திருந்தது.

அறையின் பெயர்: வரிசை எண் 114. அனுப்பியது: பெரிய மருத்துவமனை. பெறுநர்: தலைவர், சிறுநீரக ஒதுக்கீட்டு வாரியம். செய்தி ஒன்று. செய்தி இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பூட்டின் படம்.

சர்வர்காரர் கையிலிருந்த டீயை மேசையில் வைத்தார். வைத்தது விளிம்பில். டம்ளர் விழுந்து உருண்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

114 அவருடைய அக்கா.

ஒரு சிறுநீரகம் கிடைத்து, அது யாருக்குப் பொருந்துகிறதோ அவருடைய எண்ணில்தான் அறை திறக்கும். சும்மா திறக்காது. திறந்த ஆறு மணி நேரத்துக்குள் வாரியத் தலைவர் 'ஏற்கிறோம்' என்று அதே அறையில் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் உறுப்பு அடுத்த வாரியத்துக்குப் போய்விடும். நோயாளி மறுத்ததாகக் கருதப்பட்டு வரிசையின் கடைசிக்குப் போவார். இது விதி பதினேழு.

மூன்று நாற்பது வரை நேரம் இருக்கிறது. செய்தி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் திறக்கத்தான் உலகத்தில் யாராலும் முடியாது. அப்படி ஒரு பூட்டைப் போட்டவர் சர்வர்காரர்தான்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். வாரியத்தின் அரட்டைத் தளம் வாரியத்தின் சொந்த சர்வரில் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் என்னால் எல்லாச் செய்திகளையும் வாசிக்க முடிகிறது, வரிசையில் என் அக்காவும் இருக்கிறார், நினைத்தால் தலைவர் பெயரில் நானே பதில் எழுதிவிடலாம், இது சரியில்லை. ஆகவே செய்தி அனுப்புபவரின் கணினியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கணினியில் மட்டும் திறக்கும்படி செய்ய வேண்டும்.

தன்மேலேயே புகார் எழுதிய ஊழியரை வாரியம் அதுவரை பார்த்ததில்லை. முதலில் 'எல்லாவற்றையும் வாசிக்க முடிகிறது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்?' என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை போனது. பிறகு குழு அமைந்தது. குழு பதினொரு முறை கூடியது.

"ஒரு முனையில பூட்டுறீங்க, இன்னொரு முனையில திறக்கிறீங்க. சரி," என்றார் செயலாளர், ஏழாவது கூட்டத்தில். "நடுவுல வாரியம் எங்க இருக்கு?"

"நடுவுல யாரும் இருக்க மாட்டாங்க சார். அதுதான் இதோட பலனே."

"நடுவுல இருக்கிறதுக்குத்தானேய்யா வாரியம்."

சட்ட அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார்.

பூட்டின் சாவி தலைவரின் கணினிக்குள் இருக்கும். கணினி போனால்? அதற்கும் வழி வைத்தார் சர்வர்காரர். சாவி உருவாகும்போது பன்னிரண்டு சாதாரணச் சொற்கள் ஒரே ஒரு தடவை திரையில் வரும். அவற்றை அதே வரிசையில் அடித்தால் எந்தக் கணினியிலும் சாவி உயிர்பெறும். அந்தப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுக்க இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் தேவை. வேறு மொழிப் பட்டியலை வாரியம் ஏற்காது. எனவே பட்டியலை அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

அக்கா பஸ் கண்டக்டர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவை படுத்தால் நாலு மணி நேரம். கையில் குழாய், பக்கத்தில் இயந்திரம், எதிரே மடிக்கணினியோடு தம்பி.

"டேய், ரத்தத்தை மிஷின் கழுவுது, வாயை நீ கழுவுறியா? எத்தனைடா ஆச்சு?"

"எழுநூத்தி மூணு."

"எழுதிக்கோ. படி. கம்பி. சில்லறை. மூக்கு. பொய்."

"பொய்யா?"

"பத்து வயசுப் பிள்ளையை நாலுன்னு சொல்லி ஏத்துவாங்களே, அது."

இரண்டே மாதத்தில் பட்டியல் முடிந்தது. கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற, காதால் கேட்கிற சொற்கள். ஒரே ஒரு அலங்காரச் சொல்கூட அதில் இல்லை.

துவக்க விழாவில் அப்போதைய தலைவர் பேசினார். "இந்த வாரியத்தில் யார் யாருக்கு என்ன சொல்கிறார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. வாரியத்துக்கே தெரியாது. இத்தனை ஆண்டுகளாக நாம் எதை நோக்கி உழைத்தோமோ, அதை இன்று அடைந்துவிட்டோம்."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

பன்னிரண்டு சொற்கள் திரையில் தோன்றும்போது தட்டச்சு அம்மா மட்டும் பார்த்து எழுதுவது, மற்ற அனைவரும் சுவரைப் பார்த்து நிற்பது என்று குழு முடிவு செய்திருந்தது. தலைவர், செயலாளர், சட்ட அலுவலர், பிரிவு அலுவலர் எல்லோரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்போலச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். சர்வர்காரர் சுவரைப் பார்த்ததோடு கண்ணையும் மூடிக்கொண்டார்.

எழுதிய தாள் நேராக உறைக்குள் போகும், உறை இரும்பு அலமாரிக்குள் போகும் என்று அவர் நினைத்தார். பதினான்கு வருடம் அங்கே வேலை பார்த்தும் அப்படி நினைத்தார்.

அந்த வாரியத்தில் ஒரு பழக்கம். மேலே போகிற எந்தத் தாளிலும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல்லாவது மாற வேண்டும். மாறவில்லை என்றால் அந்த மேசையில் இருப்பவர் அதைப் படிக்கவில்லை என்று பொருள். எந்தத் திருத்தமும் செய்யாமல் கையெழுத்துப் போட்ட ஒருவரை முன்பு ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயிற்சியின் பெயர் 'கவனமாகப் படிப்பது எப்படி'.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிய தலைவர் பொறுப்பேற்றால் பழைய தலைவரின் நாற்காலி, காலடி விரிப்பு, கணினி மூன்றும் அகற்றப்படும். முந்தாநாள் பொறுப்பு மாறியது. நேற்றுக் கணினியை எடுத்தார்கள். ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால் அதன் வன்தட்டில் துளைபோடும் கருவியால் நாலு ஓட்டை போட்டார்கள். இந்தத் துல்லியமான ஏற்பாடும் சர்வர்காரர் எழுதிய பாதுகாப்பு நெறிமுறையில் இருந்ததுதான்.

கேள்விப்பட்டபோது அவர் பதறவில்லை. "பன்னிரண்டு சொல் இருக்கே," என்றார்.

பத்து மணிக்கு மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

"டாக்டர், வாரியத்துல சர்வர் பாத்துக்கிறவன் பேசறேன். காலையில ஒரு செய்தி அனுப்பினீங்களே."

"அனுப்பினேன்."

"என்ன செய்தி டாக்டர்?"

"அதை யாரும் கேக்கக் கூடாதுன்னுதானே பூட்டு போட்டுக் கொடுத்தீங்க."

"பூட்டு போட்டவனே நான்தான். இப்ப திறக்க வரலை."

"அப்ப நல்லாத்தான் போட்டிருக்கீங்க. போன்ல ஒதுக்கீடு பத்தி ஒரு வார்த்தை பேசினாலும் ஒதுக்கீடே ரத்து. விதி ஒன்பது. சிபாரிசு நடக்குதுன்னு நீங்கதான் போட்டீங்க. நான் வாயைத் திறந்தா அந்த நோயாளிக்குத்தான் நஷ்டம். புரியுதா?"

"புரியுது."

"மணி மட்டும் சொல்றேன். மூணு நாற்பது."

புதிதாக ஒரு சாவி செய்து, அதற்கு மறுபடி அனுப்பச் சொல்லலாம். சாவி செய்ய ஐந்து நிமிடம். அதை அங்கீகரிக்கக் குழு கூட வேண்டும். குழு கூட ஏழு நாள் முன்னறிவிப்பு.

அவர் மாடிப்படி ஏறி ஓடினார்.

இரும்பு அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாவி இருக்கும் இடம் ரகசியக் கோப்பில் எழுதப்பட்டிருப்பதாகவும், ரகசியக் கோப்பு அலமாரிக்குள் இருப்பதாகவும் பதிவேடு சொன்னது. பூட்டுத் திறப்பவர் ஒருவரைத் தெருமுனையிலிருந்து அழைத்துவந்தார்கள். அவர் ஒரு கம்பியை நுழைத்து மூன்று நிமிடத்தில் திறந்தார். அவரை உள்ளே விடுவதற்கான அனுமதிச் சீட்டுக்குத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது.

"இதே மாதிரி உங்க கம்ப்யூட்டர் பூட்டையும் திறக்கலாமே," என்றார் அவர் போகும்போது.

"திறக்க முடிஞ்சா அது பூட்டே இல்லைங்க," என்றார் சர்வர்காரர்.

உறையைக் கையில் கொடுக்கும் முன் செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். 'மேற்படி சொற்களைப் படித்தபின் உடனடியாக மறந்துவிடுவேன் என உறுதியளிக்கிறேன்.' சர்வர்காரர் கையெழுத்திட்டார்.

பன்னிரண்டே காலுக்கு உறை திறந்தது.

குதிரை, ஏணி, வெங்காயம், நாளை, இடி, செருப்பு, மூக்கு, உண்மை, தலையணை, வாய்ப்பு, கம்பி, கதவு.

தலைவர் அறையில் புதிய கணினி. சுற்றிலும் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் கொடுத்த பூங்கொத்துகள். புதிய தலைவர் ஒருவர் கையைக் குலுக்கிக்கொண்டே, "அடிங்க, அடிங்க," என்றார். சர்வர்காரர் பன்னிரண்டு சொற்களையும் அடித்தார்.

'சொற்கள் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள். அதன்பின் இக்கணக்கு ஏழு நாள் முடக்கப்படும்.'

மூன்று தடவைதான் என்ற வரம்பை வைத்ததும் அவரே. யாரோ ஒரு திருடன் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்ப்பதாக அவர் அன்று கற்பனை செய்திருந்தார். அந்தத் திருடனுக்குத் தன் முகம் இருக்கும் என்று தோன்றவில்லை.

கிடங்குக்குத் திரும்பி வந்து தாளைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பட்டியலில் ஒன்பது சொற்கள் இருந்தன. மூன்று இல்லை. தான்தான் எழுதாமல் விட்டுவிட்டோமா?

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், இன்னிக்கு என் நாள்தானே. பெரிய ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி, ஜன்னல் ஓரம். துண்டு போட்டு சீட் பிடிச்சிருக்கேன். என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. அந்தப் பட்டியல்ல குதிரைன்னு ஒரு சொல் சொன்னியா?"

"குதிரையை நான் எங்கடா பார்த்தேன்? டிப்போ வாசல்ல நிக்கிறது கழுதை. அதைத்தான் சொன்னேன்."

"உண்மை?"

"பொய் சொன்னேன். உண்மை சொல்லலை. பஸ்ல அதுக்கு வேலை இல்லை."

"வாய்ப்பு?"

"அப்படின்னா?" அக்கா சிரித்தாள். "ஆபீஸ்ல யாராவது உன் மண்டையைக் கழுவிட்டாங்களா? வர்றப்ப சார்ஜர் எடுத்துட்டு வா."

கழுதை, குதிரை ஆகியிருக்கிறது. அப்போதுதான் அவருக்கு அந்தப் பழக்கம் ஞாபகம் வந்தது. தாள் உறைக்கு நேராகப் போகவில்லை. கோப்பாகப் போயிருக்கிறது.

தட்டச்சு அம்மாவிடம் ஓடினார். "ஒரு நாளைக்கு நாப்பது கடிதம் அடிக்கிறேன் தம்பி. கைதான் எழுதும், மண்டை படிக்காது," என்றாள் அவள். கொஞ்சம் யோசித்து, "யாருக்கு வேணும்?" என்றாள்.

"எங்க அக்காவுக்கு."

அவள் விரல்கள் தட்டச்சின்மேல் அப்படியே நின்றன. "சத்தியமா ஞாபகம் இல்லைப்பா."

பிரிவு அலுவலர் மேடம் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

"மேடம், அந்தத் தாள்ல கழுதைன்னு இருந்ததை நீங்க குதிரை ஆக்கினீங்களா?"

"பின்னே? தலைவருக்குப் போற தாள். முதல் சொல்லே கழுதை. யாரைச் சொல்றோம்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

ஒன்று கிடைத்தது. மணி ஒன்று ஐந்து.

சட்ட அலுவலர் இரண்டு மணிக்குத்தான் இருக்கைக்கு வந்தார். கேள்வியை எழுத்தில் கேட்டார். எழுத்தில் கொடுத்தபின், எழுத்தில் பதில் தர முப்பது நாள் ஆகும் என்றார்.

"சார், உண்மைங்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒரு திருத்தம் நடந்ததாகவே நான் ஒப்புக்கலை. பொதுவாச் சொல்றேன். நாளைக்கு ஒருத்தர் வழக்குப் போடறார். கோப்பைக் கேக்கறார். வாரியத்தோட சாவியே இந்தச் சொல்லாலதான் ஆனதுன்னு நீதிமன்றத்துல எதிர்த்தரப்பு வாசிக்கிறார். வாரியத்தோட அடிப்படையே அதுதான்னு தீர்ப்பு வந்துடாது? அதுக்கு நேரெதிரான சொல்லைப் போட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது."

"பொய்யா சார்?"

"அந்தச் சொல்லை நீங்க சொன்னீங்க. நான் சொல்லலை. பதிவு பண்ணிக்கோங்க."

சர்வர்காரர் பதிவு பண்ணிக்கொண்டார். இரண்டு கிடைத்தது. மணி இரண்டு பத்து.

செயலாளர் ஒரு கூட்டத்தில் இருந்தார். அது செயலாளரே தனக்குத்தானே நடத்திக்கொள்ளும் கூட்டம். அறையில் வேறு யாரும் இல்லை. உதவியாளர் இரண்டு ஐம்பதுக்குத்தான் உள்ளே விட்டார். சர்வர்காரர் நேரடியாகக் கேட்டார்.

"திருத்தமா? நானா?" செயலாளர் எழுந்து நின்றார். பேச எழுந்து நிற்பது அவர் வழக்கம். "நான் யாரோட எழுத்தையும் திருத்தறவன் இல்லை. என் பாணியே வேற. நான் இந்த வாரியத்துக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? எங்க பார்த்தாலும் ஓட்டை. விதியில ஓட்டை, வரிசையில ஓட்டை, கூரையில ஓட்டை. இன்னொருத்தரா இருந்தா அடைச்சிருப்பார். நான் ஒண்ணையும் அடைக்கலை. ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு வாய்ப்பா மாத்தினேன். ஓட்டைங்கிற சொல்லே இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாதுன்னு…"

"ரொம்ப நன்றி சார்," என்று சர்வர்காரர் ஓடிவிட்டார். செயலாளர் மீதிப் பேச்சைத் தொடர்ந்து பேசி முடித்ததாக உதவியாளர் பின்னர் சொன்னார்.

மூன்று மணி. தலைவர் அறை. கழுதை. பொய். ஓட்டை. அடித்தார்.

'சொற்கள் பொருந்தவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு.'

சர்வர்காரர் நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்தார். நாலாவதாக ஒரு சொல் மாறியிருக்கிறது. அதுவும் அக்காவின் பட்டியலில் இருக்கிற சொல். அதனால்தான் கண்ணில் படவில்லை. ஒன்பது சொற்களில் எது? மாற்றியது யார்? மூன்று மேசையும் கேட்டாயிற்று. அதற்கு மேலே மேசை இல்லை. தலைவர்தான் இருந்தார்.

பழைய தலைவர். தலைவரும் படித்ததாகக் காட்ட வேண்டாமா?

அவர் இப்போது எங்கோ மலைப்பக்கம் ஓய்வெடுக்கப் போயிருந்தார். போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆறு தடவை.

எதிர்ச் சுவரில் ஒருவர் ஏணி போட்டுப் பழைய தலைவரின் பெரிய படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். படம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் கீழே தங்க எழுத்தில் பழைய தலைவரின் கொள்கை வாசகம். ஐந்து வருடமாக அதன் அடியில் நடந்து போயும் சர்வர்காரர் வாசித்ததே இல்லை.

'நேற்றைத் திருத்துவோம், நாளை என்போம்.'

அவர் ஓடினார். மூன்று இருபத்துமூன்று. கழுதை, ஏணி, வெங்காயம், நேற்று…

கடைசிச் சொல்லை அடித்துவிட்டு விசையை அழுத்த முடியாமல் விரல் அந்தரத்தில் நின்றது. தவறினால் ஏழு நாள். அழுத்தினார்.

பூட்டின் படம் மறைந்தது.

'வ. எண் 114-க்குப் பொருந்தும் சிறுநீரகம் மூன்றாவது மாடியில் தயார். நோயாளி இரண்டாவது மாடியில் டயாலிசிஸுக்காக வந்து காத்திருக்கிறார். ஏற்கிறோம் என ஒரு சொல் அனுப்பவும். பத்து நிமிடத்தில் மேலே அழைத்துக்கொள்வோம்.'

ஒரு மாடி. இடையில் இருப்பது பதினெட்டுப் படி.

தலைவர் பூங்கொத்தோடு படம் எடுத்துக்கொள்ள வாசலுக்குப் போயிருந்தார். அறையில் யாரும் இல்லை. செய்திக்குக் கீழே வெள்ளைக் கட்டத்தில் கோடு ஒன்று மினுக் மினுக் என்று துடித்தது. ஒரு சொல். ஐந்து எழுத்து. யாருக்கும் தெரியாது. தெரிய வழியே இல்லை, அவ்வளவு நல்ல பூட்டு.

'நினைத்தால் தலைவர் பெயரில் நானே பதில் எழுதிவிடலாம். இது சரியில்லை' என்று ஒன்பது மாதத்துக்கு முன் எழுதிய மனிதர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் வந்தார். வாசித்தார். முகம் மலர்ந்தது. "ஆஹா, நல்ல செய்தி. என் முதல் ஒதுக்கீடு."

"'ஏற்கிறோம்'னு போட்டுருங்க சார். மணி மூணு இருபத்தெட்டு."

"போட்டுருவோம். முதல் கோப்பு, முறைப்படி வரட்டும். கீழ இருந்து வரைவு எழுதிக் கொண்டாங்க."

"சார், ஒரே ஒரு சொல்தான் சார்."

"அப்ப சீக்கிரம் வந்துரும்ல."

சர்வர்காரர் ஒரு தாளில் 'ஏற்கிறோம்' என்று எழுதிக்கொண்டு ஓடினார்.

"ஒரு சொல்தானே இருக்கு, இதுல நான் எதை மாத்துறது?" என்று பிரிவு அலுவலர் மேடம் தவித்தார்.

"மாத்தாதீங்க மேடம். எங்க அக்கா மேடம்."

"ஐயோ. சொல்லியிருக்கலாமேப்பா." மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா மாத்தலைன்னா என்னைப் பயிற்சிக்கு அனுப்பிருவாங்க. அர்த்தம் மாறாம பாத்துக்கறேன்." 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சட்ட அலுவலர் முன்னால் 'கொள்கை அளவில்' என்று சேர்த்தார். செயலாளர் எழுந்து நின்று, 'ஏற்றுக்கொள்கிறோம்' என்பதை 'ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு உள்ளது' ஆக்கினார்.

மூன்று முப்பத்தாறுக்குத் தாள் தலைவர் மேசைக்கு வந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார். தலையை ஆட்டினார். பேனாவை எடுத்து எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்தார்.

"என்னய்யா இது, வளவளன்னு? நான் வந்துட்டேன்ல, இனிமே எல்லாம் சுருக்கமா இருக்கணும்." மேலே தன் கையால் எழுதினார்: 'ஏற்கிறோம்.'

"அற்புதம் சார்," என்றார் பின்னாலேயே வந்திருந்த செயலாளர்.

"அடிச்சிருங்க சார். மூணு முப்பத்தேழு."

தலைவர் விசைப்பலகையை அருகே இழுத்தார். ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் விசைகளின் மேல் வட்டமிட்டது.

"ஏ எங்கப்பா இருக்கு?"

"நான் அடிக்கிறேன் சார்."

"தொடாதீங்க. தலைவரைத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானாமே. செயலாளர் சொன்னார். ரொம்ப நல்ல யோசனை." விரல் ஓரிடத்தில் இறங்கியது. "இது எ. சின்னது. பெரிசு எங்க?"

"அதுக்குப் பக்கத்துல சார். இடது பக்கம். இன்னும் இடது. சார், இடது."

"ஆங்." ஏ வந்தது. தலைவர் திருப்தியோடு திரையைப் பார்த்தார். "அடுத்தது ற் தானே?"

'ஏற்கி' வரை வந்தபோது வெள்ளைக் கட்டம் சாம்பல் நிறமானது.

'இவ்வறை மூடப்பட்டது. வரிசை எண் 114 மறுத்ததாகக் கொள்ளப்படும். புதிய வரிசை எண் 1902.'

"ஏன் நின்னுருச்சு?" என்றார் தலைவர். "சர்வர் பிரச்சினையா?"

நாலே முக்காலுக்கு அவர் சார்ஜரை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனார். அக்கா கையில் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவர் நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"மூணாவது மாடியிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"மத்தியானம் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு ஓடினாங்க. யாருக்கோ யோகம்னு நினைச்சேன்." பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. "யாருக்காவது போச்சுல்ல?"

"போச்சு."

"ஆளில்லாம ஓடின பஸ் இல்லை. விடு."

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவள் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு வார்த்தை சொன்னேன். 'ஏற்கிறோம்'னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன் பாரு. அதான் தப்பு."

அடுத்த திங்கட்கிழமை அவருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது பாராட்டு: 'வாரியத்துக்கு வந்த செய்தியை வாரியமே வாசிக்க இயலாத அளவுக்குப் பாதுகாப்பான அமைப்பை உருவாக்கியமைக்காக.' இரண்டாவது, பன்னிரண்டு சொற்களை மறந்துவிட்டதற்கான சான்றிதழை ஏன் இன்னும் தரவில்லை என்று விளக்கம் கேட்டது. மூன்றாவது, அவர் அந்தச் சொற்களை அறிந்துவிட்டதால் புதிய சொற்கள் உருவாக்கும் கூட்டம் ஏழு நாள் அறிவிப்புடன் நடக்கும் என்றது.

ஏழாம் நாள் தலைவர் அறையில் கூடினார்கள். தட்டச்சு அம்மா கணினி முன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். தலைவர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் பக்கத்தில் செயலாளர், சட்ட அலுவலர், பிரிவு அலுவலர் மேடம். வரிசையின் கடைசியில் சர்வர்காரர்.

பன்னிரண்டு சொற்கள் திரையில் வந்தன.

சர்வர்காரர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நின்ற இடத்திலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. தட்டச்சு அம்மா எதேச்சையாக நிமிர்ந்தாள். பார்த்தாள். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அவள் நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி உட்கார்ந்துகொண்டாள். மறைந்திருந்த கடைசி மூன்று சொற்களும் தெரிந்தன.

"எல்லாரும் சுவரைத்தானே பார்க்கிறோம்?" என்றார் செயலாளர், சுவரைப் பார்த்தபடி.

"ஆமா சார்," என்றார் சர்வர்காரர்.